அப்பா இறந்தபின் பிறக்கும் பிள்ளைக்குப் பங்கு உண்டா?

கரு சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளா, இல்லையா? நம் சட்டங்கள் ஒரே பதில் சொல்வதில்லை. கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம், 24 வாரம் என்று வாரக்கணக்குப் பார்க்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவோ, வயிற்றில் இருக்கும் சிசுவைச் சாகடிப்பதைக் கொலையாகக் கொள்வதில்லை. உடலின் ஒரு பகுதியாவது வெளியே வந்திருக்க வேண்டும் என்கிறது. (கருவைச் சிதைப்பது தனிக் குற்றம், அது வேறு.) சொத்து என்று வந்துவிட்டால் மட்டும் அதே கரு வாரிசாகிவிடுகிறது.

ஒருவர் உயில் எழுதாமல் இறக்கும்போது கருவில் இருந்த பிள்ளை பிறகு உயிரோடு பிறந்தால், தகப்பன் இறந்த நாளிலிருந்தே அதற்குப் பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 20. ‘உயிரோடு’ என்பதுதான் இதில் உயிர்நாடி.

சுயசம்பாத்தியச் சொத்து, இறந்தவருக்குத் தாய், கர்ப்பிணி மனைவி, ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை இறந்தே பிறந்தால் மூவருக்கும் மூன்றில் ஒன்று. ஆண் பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம் இருந்து இறந்தால் சொத்து நான்காகிறது. பிள்ளையின் கால் பங்கு அதன் தாய்க்குச் சேர, அவருக்குப் பாதிச் சொத்து. பெண் பிள்ளையென்றால்? தகப்பன் வழி வந்தது தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும் என்கிறது பிரிவு 15(2). ஆக, மறுபடியும் மூவருக்கும் மூன்றில் ஒன்றுதான். ஒரே தாய், ஒரே பிரசவம், இரண்டு கணக்கு!

இதனால்தான், பிறந்து சற்று நேரத்தில் இறந்த பிள்ளைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். துக்கத்தில் ‘இறந்தே பிறந்தது’ என்று எழுதிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. அழுததா, மூச்சு இருந்ததா என்று சொல்லும் மருத்துவமனைக் குறிப்பின் நகலை வாங்கி வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, பிரசவத்துக்கு முன்பே தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி நிலத்தை விற்பது. பிறந்த பிள்ளையின் பங்கை அந்தக் கிரயம் கட்டுப்படுத்தாது. பிறந்தபின் தாய் காப்பாளராக விற்பதற்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால், 18 வயது நிரம்பி மூன்று ஆண்டுக்குள் பிள்ளை வழக்குப் போடலாம்.

இன்னும் கருவில்கூட இல்லாத பேரனுக்கு நேராகச் செட்டில்மென்ட் எழுதுவதும் செல்லாது. முதலில் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு ஆயுள் அனுபவம் (வாழும்வரை அனுபவிக்கும் உரிமை), அதன்பின் மீதி முழுவதும் பேரனுக்கு என்று எழுத வேண்டும். பேரனுக்கும் ‘ஆயுள்வரை’ என்று ஒரு சொல் சேர்த்தால் அவனுக்கு எழுதியது விழுந்துவிடும்.