உவர்ச்சேற்றில் மருந்து தேடுதல்

கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் பழவேற்காட்டு ஏரியின் நீர் கடல்நீரைவிட உப்பேறிவிடும். தடா, சூலூர்பேட்டைப் பக்கம் உள்ள ஆழமில்லாத வடபகுதி வற்றி, உப்புப் பூத்த சேற்றுவெளியாகக் கிடக்கும். ஒன்றும் விளையாது என்று தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலத்தாரும் ஒதுக்கும் இத்தகைய மண்ணில்தான் மருந்து தரும் பாக்டீரியாக்களைக் கவனமாகத் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாவிலிருந்து காசநோய்க்கு எதிரான ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அதன்பின் உலகெங்கும் வயல் மண்ணையும் தோட்ட மண்ணையும் சலித்ததில், நாளடைவில் ஏற்கெனவே அறிந்த பொருள்களே திரும்பத் திரும்பக் கிடைத்தன. ஆகவே தேடல் பாலைவனத்துக்கும் ஆழ்கடலுக்கும் உவர்நிலத்துக்கும் நகர்ந்தது. சிலி நாட்டின் அடகாமா பாலைவன மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ், சாக்சாமைசின் என்ற புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தந்தது.

உப்பு மிகுந்த சூழலில் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. அதைத் தடுக்கப் பல பாக்டீரியாக்கள் எக்டோயின் போன்ற சிறு மூலக்கூறுகளைத் தமக்குள் குவித்துக்கொள்கின்றன. இந்த எக்டோயினே இன்று தோல் களிம்புகளில் சேர்க்கப்படும் பயனுள்ள பொருள். ஹாலோமோனாஸ் என்னும் பாக்டீரியாவை உப்பு மிகுந்த நீரில் வளர்த்து, பிறகு உப்புக் குறைந்த நீருக்கு மாற்றினால், குவித்த எக்டோயினை அது வெளியே விட்டுவிடும். மீண்டும் உப்புநீரில் இட்டால் மீண்டும் சேர்க்கத் தொடங்கும். பசுவில் பால் கறப்பது போல ஒரே செல்களிலிருந்து பலமுறை எடுக்கலாம்.

மருந்து தேடும் முறை பொறுமையைக் கேட்பது. சேற்றை உலர்த்தி இளஞ்சூட்டில் வைத்தால் மென்மையான பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மடிந்து, தாக்குப்பிடிக்கும் வித்துகள் எஞ்சும். அந்தச் சேற்றைக் கரைத்து, மாவுச்சத்தும் பூஞ்சையைத் தடுக்கும் மருந்தும் கலந்த அகார் என்னும் கடற்பாசிக் கூழ்த் தட்டில் பரப்பிச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். பொடிபடிந்த, கெட்டியான புள்ளிகளாக ஸ்ட்ரெப்டோமைசிஸும் அதன் உறவினங்களும் எழும். ஒவ்வொன்றையும் நோய்க்கிருமி பரப்பிய தட்டில் வைத்துப் பார்க்கையில், சுற்றிலும் கிருமி வளராத தெளிந்த வளையம் தோன்றினால், அது ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது. அப்பொருள் பழையதா புதியதா என்பதை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைக் கருவி காட்டிக்கொடுக்கும்.

இதில் எளிதில் தவறவிடப்படுவது, பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகத்தின் உப்பு. பஹாமாஸ் கடலடிச் சேற்றில் கிடைத்த சாலினிஸ்போரா என்னும் பாக்டீரியா, புற்றுநோய்க்கு எதிராக மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட சாலினோஸ்போரமைடு என்ற பொருளைத் தருவது. வளர்வதற்கு அதற்குக் கடல்நீர் தேவை. உப்பில்லாத ஊடகத்தில் இட்டிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. எனவே சேற்றை எடுக்கும்போதே அவ்விடத்தின் உப்பளவையும் காரத்தன்மையையும் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு, தட்டிலும் அவற்றையே அமைக்க வேண்டும்.

வளர்ந்த பாக்டீரியாவும் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் மரபணுத்தொகுதி ஒன்றில் இத்தகைய பொருள்களை உருவாக்கும் மரபணுக் கூட்டங்கள் 20க்கும் மேல் இருக்கலாம்; ஆய்வகத்தில் அவற்றில் சிலவே இயங்குகின்றன. உணவை மாற்றுவதும், உப்பைக் கூட்டிக் குறைப்பதும், அதே சேற்றில் வாழும் வேறொரு பாக்டீரியாவை அருகில் வளர்ப்பதும் மற்றவற்றை இயக்கக் கையாளப்படும் வழிகள்.