கட்டைவிரல் அளக்காத சூடு

ஆயில் மாற்றும் நாளில் எங்கள் மெக்கானிக் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். புது டப்பாவைத் திறந்ததும் ஒரு சொட்டை ஆள்காட்டி விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். சென்ற முறை நானே வாங்கிப் போயிருந்த 5டபிள்யூ-30 சிந்தடிக் ஆயிலை அப்படித் தேய்த்தவர் முகம் சுளித்தார். "தண்ணீர் மாதிரி இருக்கிறதே சார், சென்னை வெயிலுக்குத் தாங்குமா? 20டபிள்யூ-50 ஊற்றிவிடலாம், கெட்டியாக நிற்கும்" என்றார்.

பல நூறு இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய கை அது. எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த விரல் அளந்தது பட்டறையின் 32 டிகிரியில் இருந்த ஆயிலை. ஓடும் இன்ஜினுக்குள் ஆயிலின் சூடு 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே விரலை விட்டுப் பார்க்க வழியில்லை.

ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அதுதான் பாகுநிலை. சென்டிஸ்டோக் என்ற அலகில் சொல்வார்கள். அறை வெப்பத்தில் தண்ணீருக்கு அது 1. வழக்கமான 5டபிள்யூ-30 ஆயிலுக்கு 40 டிகிரியில் 65ஐ ஒட்டி இருக்கும். 100 டிகிரியில் 11ஐ ஒட்டி இறங்கிவிடும். 20டபிள்யூ-50 ஆயிலுக்கு இதே கணக்கு ஏறத்தாழ 160, 18. மெக்கானிக் "தண்ணீர் மாதிரி" என்று சொன்ன ஆயில், அவர் விரலில் 32 டிகிரியில் இருந்த நேரத்தில் தண்ணீரைவிட எண்பது மடங்குக்கும் மேல் பாகாக இருந்தது.

இன்ஜினை வடிவமைத்தவர் மனத்தில் இருந்தது அந்த 11. இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்குக்குள் சுழலும்போது இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுழலும் தண்டே ஆயிலை இடுக்குக்குள் இழுத்து, ஆப்பு அடித்ததுபோல் அதன்மேல் ஏறி மிதக்கிறது. அந்தப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள்தான். தலைமுடி எழுபது மைக்ரான் இருக்கும். ஆயில் மிகவும் நீர்த்துப்போனால் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். தேவைக்கு மேல் கெட்டியானால் பம்ப் திணறும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், காலையில் சாவியைத் திருப்பியதும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். இன்றைய கார்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பொறியும் ஆயிலின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அந்தப் பொறிக்குள் இருக்கும் வழிகள் ஊசித்துளை போன்றவை.

சரி, வெயில்? கத்திரி வெயிலில் வேலூரில் நின்றாலும், மார்கழியில் கொடைக்கானலில் நின்றாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், இன்ஜினைக் குளிர்விக்கும் நீரை 90 டிகிரியை ஒட்டியே பிடித்துவைக்கிறது. இன்ஜின் தன் கோடையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெளியே பத்து டிகிரி ஏறுவதால் உள்ளே ஆயில் பத்து டிகிரி ஏறிவிடாது.

டப்பாவில் உள்ள டபிள்யூ, 'விண்டர்' என்ற சொல்லின் முதலெழுத்து. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் வைத்து, இன்ஜின் சுழல விடுகிறதா என்று சோதிப்பார்கள். 20டபிள்யூ ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15 டிகிரியில். பின்னால் வரும் 30, 40, 50 என்பவை 100 டிகிரியில் ஆயில் எந்த வரம்புக்குள் நிற்கிறது என்பதற்கான அடையாளம். ஊட்டியில்கூட மைனஸ் 30 வராது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சோதனையில் தேறிய ஆயில் நம் ஊர் விடியற்காலையிலும் சுருக்காக ஓடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதாரண ஆயிலிலும் குளிரில் உறையும் மெழுகு கொஞ்சம் தங்கியிருக்கும்.

ஒரே ஆயில் குளிரில் நீர்த்தும் சூட்டில் மிகவும் நீர்த்துப்போகாமலும் நிற்பதற்கு ஒரு வழி, நீளமான பாலிமர் மூலக்கூறுகளைக் கலப்பது. பனிக்காலத்தில் தெருநாய் சுருண்டு படுக்கும், வெயில் ஏறினால் கால்களை நீட்டிப் படுக்கும். பாலிமரும் அப்படித்தான்: குளிரில் சுருண்டு ஆயிலின் வழியை விடும், சூட்டில் விரிந்து வழியை மறிக்கும். குறை என்னவென்றால், பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே அரைபட்டு நாளடைவில் அது துண்டாகிவிடும். இன்னொரு வழி, அடிப்படை ஆயிலையே நல்லதாகத் தேர்ந்தெடுப்பது. சிந்தடிக் அங்கேதான் வருகிறது.

அசல் சிந்தடிக் என்று வேதியியலாளர்கள் சொல்வது பாலி ஆல்ஃபா ஓலிஃபின். எத்திலீன் வாயுவிலிருந்து பத்துக் கார்பன் கொண்ட டெசீனைச் செய்து, அதை மூன்று நான்காகக் கோத்து உருவாக்குகிறார்கள். மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை, மெழுகு கிடையாது. கச்சா எண்ணெயை வடித்து எடுப்பதில் நூறு விதமான மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். ஆனால் அதையே கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து உடைத்து அடுக்கினால் கிட்டத்தட்ட அதே தரத்துக்கு வந்துவிடுகிறது. இதற்கு 'குரூப் 3' என்று பெயர்.

1990களின் கடைசியில் அமெரிக்காவில் கேஸ்ட்ரால் நிறுவனம் தன் சிந்தடிக் ஆயிலில் பாலி ஆல்ஃபா ஓலிஃபினுக்குப் பதில் இந்த குரூப் 3 ஆயிலைச் சேர்த்தது. மொபில் நிறுவனம் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் வந்த முடிவு கேஸ்ட்ராலுக்குச் சாதகமாக இருந்தது: இவ்வளவு தூரம் மாற்றியமைத்ததைச் சிந்தடிக் என்று விளம்பரம் செய்யலாம். அன்றிலிருந்து டப்பாவின் முகப்பில் உள்ள 'முழு சிந்தடிக்' என்ற சொல்லை நான் ஊறுகாய்ப் புட்டியின் 'வீட்டுச் சுவை'க்கு நிகராகத்தான் பார்க்கிறேன். பொய்யில்லை, ஆனால் அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. 'செமி சிந்தடிக்' இன்னும் மோசம். எத்தனை பங்கு என்று யாரும் எழுதுவதில்லை.

அதற்காகச் சிந்தடிக் வீண் என்று அர்த்தமில்லை. நம் ஊரில் அதன் பயன் சூட்டின் பக்கம் இருக்கிறது. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் நோவாக் சோதனையில் நல்ல சிந்தடிக் குறைவாகவே இழக்கும். சூட்டில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து களியாகிப்போவதும் தாமதமாகும். டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் பொறி, உள்ள கார்களுக்கு இது பெரிய விஷயம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டைத் தாங்குவதும் ஆயில், குளிர்விப்பதும் ஆயில்.

ஆகவே டப்பாவைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெட்ரோல் கார் என்றால் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரும் எஸ்பி என்ற தரக்குறியைத் தேடுங்கள், 2020இல் வந்தது. காரின் கையேட்டில் எஸ்என் என்ற பழைய தரக்குறி இருந்தாலும் இதை ஊற்றலாம். டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறைத் தடுப்பதும் இந்தத் தரத்தின் நோக்கங்களில் ஒன்று. பிஎஸ்-6 டீசல் காராக இருந்து புகைக்குழாயில் கரி வடிகட்டி இருந்தால் கையேடு கேட்கும் குறைந்த சாம்பல் ஆயில், பெரும்பாலும் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) வகுத்த சி2 அல்லது சி3 தரம், அதைத்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்து போய்விடும்; ஆயிலில் உள்ள கால்சியமும் துத்தநாகமும் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது, வடிகட்டியை அடைத்துக்கொண்டே போகும். மீந்த ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கிறது, வழுக்கும்.

மெக்கானிக் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்து, இடைவெளிகள் அகன்று, ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு, கையேட்டின் வரம்புக்குள் ஒரு படி கெட்டியான ஆயில் உதவும். சில கையேடுகள் வெளி வெப்பத்துக்கு ஏற்ப மூன்று நான்கு கிரேடுகளைப் படம் போட்டே காட்டுகின்றன. என் கார் அந்த வயதை எட்டவில்லை, அதன் கையேடு 5டபிள்யூ-30 என்கிறது என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஊற்றிவிட்டார்.

இரண்டாயிரம் கிலோமீட்டர் கழித்து வேறு வேலையாகப் போனபோது மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினார். ஆயில் கருத்திருந்தது. "பார்த்தீர்களா, அதற்குள் கெட்டுவிட்டது" என்றார். ஆயிலில் உள்ள சோப்பு போன்ற பொருள்கள் கரியைத் திரளவிடாமல் தனக்குள்ளேயே மிதக்கவைத்திருப்பதால்தான் அந்தக் கறுப்பு, துணி துவைத்த தண்ணீரைப் போல என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒரு சொட்டை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். இன்ஜின் அப்போதுதான் நின்றிருந்தது. சட்டென்று கையை உதறிக்கொண்டார்.