டாபூ: தடையா, தீட்டா, விலக்கா, இடக்கரா?

ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை மேடையில் தொடக்கூடாத பொருள் என்று ஏதாவது உண்டா? இந்தக் கேள்வி எழுந்தவுடன் சாவு, சாதி, சாமி, உடற்குறை, மாதவிடாய், படுக்கையறை என்று ஆளுக்கொரு பட்டியலை நீட்டுவார்கள். அந்தப் பட்டியலுக்குப் பொதுப்பெயராக வழங்குவது 'டாபூ'. தமிழில் எழுதுகிறவர்கள் இச்சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அல்லது 'தடைசெய்யப்பட்டது' என்று பெயர்க்கிறார்கள். இரண்டாவது வழி பெரிய பிழை. சொல்லை அதன் வேரிலிருந்து பிரித்துப் பார்த்தால் கேள்வியே தெளிவாகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

டாபூ ஐரோப்பியச் சொல் அன்று. பசிபிக் பெருங்கடலில் உள்ள டோங்கா தீவுகளின் 'தபு' அது. மாவோரி மொழியிலும் 'தபு' என்றே வழங்கும். ஹவாயில் 'கபு' ஆகும். 1777இல் தம் மூன்றாம் கடற்பயணத்தில் டோங்காவுக்குப் போன ஜேம்ஸ் குக், அங்குள்ள தலைவர்களை விருந்துக்கு அழைத்தார். அவர்கள் உடன் உட்காரவும் இல்லை, உணவைத் தொடவும் இல்லை; எல்லாம் தபு என்றார்கள். அதை அவர் குறித்துவைத்தார். பயணக் குறிப்புகள் 1784இல் அச்சானபின் ஆங்கிலம் அச்சொல்லை எடுத்துக்கொண்டது.

ஆனால் எடுத்தபோது ஒரு பாதியை விட்டுவிட்டது. தபு என்பதற்குப் 'புனிதமானது' என்ற பொருளும் உண்டு. டோங்காவின் தலைமைத் தீவான டோங்காதபுவின் பெயருக்கே 'புனிதத் தெற்கு' என்றுதான் பொருள். தலைவரின் தலையும் தபு, பிணமும் தபு. மாவோரி மரபில் இதற்கு எதிர்ச்சொல்லும் உண்டு: 'நோவா'. விலக்கு நீங்கிப் பொதுவாகிவிட்ட நிலை அது. சமைத்த உணவை உண்டு தபுவைக் கழித்து நோவா நிலைக்குத் திரும்பும் வழக்கம் அவர்களிடம் இன்றும் இருக்கிறது. பூட்டுக்கு ஒரு சொல் இருந்தது போலத் திறவுகோலுக்கும் ஒரு சொல் இருந்தது. ஆங்கிலம் பூட்டை மட்டும் கொண்டுபோனது. அதனால்தான் டாபூ என்றதும் 'ஒருபோதும் கூடாது' என்ற தொனி நமக்குக் கேட்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். 'தடை' பொருந்தாது. தடைக்கு விதித்தவர் ஒருவர் வேண்டும், ஆணை வேண்டும், மீறினால் தண்டனை வேண்டும். டாபூவை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் வீட்டுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். 'தீட்டு' நெருங்கி வருவதுபோல் தோன்றும். ஆனால் அதில் புனிதம் என்ற பக்கமே இல்லை, அழுக்கு என்ற பக்கம் மட்டும்தான். போதாக்குறைக்கு அச்சொல்லைச் சாதியின் பெயரால் மனிதர்கள்மேலேயே ஏற்றி வைத்திருக்கிறோம். அதைக் கலைச்சொல் ஆக்குவது தவறு என்றே கருதுகிறோம். 'விலக்கு' சரியாக அமர்கிறது. ஒதுக்கி வைத்தல் என்பதே அதன் கரு; உயர்ந்தது என்பதாலும் ஒதுக்கலாம், தாழ்ந்தது என்பதாலும் ஒதுக்கலாம். 'வீட்டு விலக்கு' என்று மாதவிடாயைக் குறிக்கும் வழக்கும் அந்தக் கருவிலிருந்தே வந்தது. ஆகவே டாபூவான பொருளுக்கு 'விலக்குப்பொருள்' என்பது நல்ல தமிழ்.

பொருளுக்கு இது போதும். டாபூவான சொல்லுக்கு வேறு பெயர் வேண்டும். அதைத் தமிழ் இலக்கணம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கையில் வைத்திருக்கிறது.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் எச்சவியலில் வரும் நூற்பா இது: 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்'. அவையல் கிளவி என்றால் அவையில் சொல்லத் தகாத சொல். அதை என்ன செய்யச் சொல்கிறது? விட்டுவிடச் சொல்லவில்லை. மறைத்துக் 'கிளத்தல்', அதாவது மறைத்துச் சொல்லுதல். செய்தி அவைக்கு வந்துவிடும். சொல் மட்டும் மேலாடை போர்த்துக்கொள்ளும். பின்னால் வந்த நன்னூல் இதற்கு 'இடக்கரடக்கல்' என்று பெயரிட்டு (இடக்கர் என்பது அந்தத் தகாத சொல்), தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக வைத்தது. தகுதி கருதி ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல்லை வழங்குவது தகுதி வழக்கு. 'கால் கழுவி வந்தேன்' என்பதுதான் பள்ளியில் எல்லாரும் படித்த எடுத்துக்காட்டு. தகுதி வழக்கில் இன்னொன்று 'மங்கலம்': செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும். மூன்றாவதான குழூஉக்குறி இங்கே வேண்டாம்.

கவனிக்க வேண்டியது, இலக்கணம் சொல்லை 'அவை' என்பதோடு கட்டியிருக்கிறது. எந்தச் சொல்லும் எங்கும் எப்போதும் இடக்கர் ஆகிவிடாது. அவை மாறினால் அதுவும் மாறும். அமெரிக்காவில் இதை நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்த்தார்கள். தொலைக்காட்சியில் சொல்லவே முடியாத ஏழு சொற்களைப் பற்றி நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் 1972இல் ஒரு நிகழ்ச்சி செய்தார். அதன் தொடர்ச்சியான பதிவு ஒன்றை 1973 அக்டோபர் 30 பிற்பகலில் நியூயார்க் வானொலி ஒலிபரப்பியது. காரில் மகனோடு கேட்ட ஒருவர் முறையிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று 1978இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. அந்தச் சொற்களை அடியோடு ஒழி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. குழந்தைகள் கேட்கக்கூடிய நேரத்தில் வானலையில் அவற்றை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமை உண்டு என்றது. அங்கே இன்று இரவு 10 முதல் காலை 6 வரை அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. அவையல் கிளவிக்கு இதைவிடத் தெளிவான உரை கிடைக்காது. இந்தத் தெளிவு வருவதற்கு முன் அகப்பட்டவர் லென்னி புரூஸ் என்ற ஸ்டாண்ட்-அப் கலைஞர். மேடையில் பேசியதற்காக 1964இல் நியூயார்க்கில் ஆபாசக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நான்கு மாதத் தண்டனை பெற்று, மேல்முறையீடு முடியாமலே 1966இல் இறந்தார். மாநில ஆளுநர் மன்னிப்பு அளித்தது 2003இல்.

மங்கலத்துக்கும் மேடையில் வேலை இருக்கிறது: சாவை மறைக்காமல் சொல்லக் காலம் கனிய வேண்டும். 2001 செப்டம்பர் 29 அன்று, இரட்டைக் கோபுரம் விழுந்த 18ஆம் நாள், நியூயார்க்கில் ஒரு கேலி விருந்து, அதாவது ஒருவரை உட்காரவைத்து மற்றவர்கள் கேலி செய்யும் நிகழ்ச்சி. நகைச்சுவைக் கலைஞர் கில்பர்ட் காட்ஃப்ரீட், தம் விமானம் போகும் வழியில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நின்றுவிட்டுப் போகுமாம் என்றார். அரங்கம் உறைந்தது. 'இன்னும் காலம் ஆகவில்லை' என்ற பொருளில் ஒருவர் கத்தினார். உடனே காட்ஃப்ரீட் முறைகெட்ட உறவுகளும் கழிவும் நிறைந்த பழைய ஆபாச ஜோக் ஒன்றை எடுத்துச் சொல்ல, அதே அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. பட்டியல் போட்டுப் பார்த்தால் இரண்டாவதே கொடிய விலக்குப்பொருள். ஆனால் அது யாருக்கும் புண் அல்ல. முதலாவது ஆறாத புண்.

எவ்வளவு நாளில் ஆறும்? பீட்டர் மெக்ராவும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலை வைத்துச் சோதித்தார்கள். புயல் பற்றிய நகைச்சுவை ட்விட்டர் பதிவுகளை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஆட்களிடம் காட்டினார்கள். புயலடித்து 15 நாள் ஆனபோது சிரிப்பு மிகக் குறைவு. 36ஆம் நாள் உச்சம். 99ஆம் நாளுக்குள் மறுபடி சரிந்திருந்தது. நெருக்கமாக இருந்தால் வலி, தொலைவாகிவிட்டால் சப்பை. இந்த நாட்கணக்கை எல்லாச் சாவுக்கும் சூத்திரமாகக் கொள்ளக்கூடாது. வளைவின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சொல், காலம் இரண்டையும் தாண்டி மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதுதான் உண்மையில் சண்டை மூட்டுவது. ஜோக்கின் உறுப்புகளைப் பார்த்தால் விளங்கும். முன்னால் கட்டுவது பீடிகை. கடைசியில் வெடிப்பது பஞ்ச். வெடி யார்மேல் போய் விழுகிறதோ அவர் குறி. பொருள் வேறு, குறி வேறு. விளக்கத்துக்காக எழுதிய இரண்டு ஜோக்குகள் இதோ. இரண்டும் மாதவிடாய் பற்றியவை.

'அந்த மூணு நாள் அவ பக்கத்துல போயிடாதீங்க, கடிச்சு வச்சிடுவா.'

'அந்த மூணு நாள் நான் ஊறுகா ஜாடியத் தொட்டா ஊறுகா கெட்டுடுமாம். மீதி நாளெல்லாம் எச்சில் கரண்டிய உள்ள விடுறது எங்க மாமனார்.'

விலக்குப்பொருள் ஒன்றே. முதலாவதன் குறி வலியில் இருக்கும் பெண். இரண்டாவதன் குறி விலக்கு வைத்த நம்பிக்கை. முதலாவதை எந்த மேடையிலும் சொல்ல வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. காரணம் மாதவிடாய் அல்ல, குறி.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் முதலில் நிற்கிறது, ஆகவே கேலி குற்றமன்று. உரையாசிரியர் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதையும் பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவதையும் இதில் அடக்குகிறார். குற்றமாவது இகழ்ச்சி. 'நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி' என்று குறள் அதைத் தனியே பிரித்துக் காட்டுகிறது. தன்னைவிட எளியவரைக் குறியாக்கிக் கேலி செய்வதை இன்று 'பஞ்சிங் டவுன்' என்கிறார்கள். அதற்கும் குறளிலேயே தொடர் இருக்கிறது: 'தன்னின் மெலியார்மேல் செல்லும் இடத்து'. ஆக, பஞ்சிங் டவுன் என்பதற்கு 'மெலியார்மேல் செல்லல்' என்று தயங்காமல் எழுதலாம். நம் சட்டமும் பொருளைப் பார்ப்பதைவிடக் குறியையும் நோக்கத்தையுமே பார்க்கிறது: 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92ஆம் பிரிவு, பொதுவெளியில் அவர்களை இழிவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதிப்பதைத்தான் குற்றம் என்கிறது. உடற்குறை பற்றிப் பேசுவதை அல்ல.

ஆகவே எழுதுகிறவர் செய்ய வேண்டியது இது. ஜோக்கைத் தாளில் எழுதி, பஞ்சில் குறி யார் என்று அடிக்கோடு இடுங்கள். இடக்கர்ச் சொல் இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சாதாரணச் சொல்லை வைத்துப் படியுங்கள். சிரிப்பு முழுக்கப் போய்விட்டால் அங்கே ஜோக்கே இல்லை, அதிர்ச்சிதான் இருந்தது. அதிர்ச்சி இரண்டாம் முறை வேலை செய்யாது. விலக்குப்பொருளை ஐந்து நிமிட நிகழ்ச்சியின் முதல் வரியில் வைக்காதீர்கள்: நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரியாதவரை அவை இறுகித்தான் இருக்கும். இரண்டு நிமிடம் உங்களையே எள்ளிய பிறகு அதே வரி இளகும். பீடிகை நீண்டால் இறுக்கம் ஏறும். சாவு பற்றிய பகுதியில் முதல் சிரிப்பு இருபது நொடிக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அது இரங்கல் உரையாகிவிடும். பெரிய கேடு துண்டு வீடியோவில் இருக்கிறது. அரங்கில் இருந்தவர்கள் பீடிகையோடு கேட்டார்கள். முப்பது நொடித் துண்டில் பஞ்ச் மட்டும் போகும், அவையும் வேறு. பீடிகையைப் பஞ்சிலிருந்து வெட்ட முடியாதபடி ஒரே மூச்சில் எழுதுவதும், அப்படி எழுத முடியாததை வெளியிடாமல் அரங்கோடு நிறுத்திக்கொள்வதும்தான் வழி.

தொல்காப்பியம் அடுத்த நூற்பாவில் இன்னொன்றும் சொல்கிறது: 'மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்'. வழக்கில் பழகிப்போனதை மறைக்க வேண்டாம். கருப்புத் தாளில் சுற்றிக் கொடுத்த நாப்கினை வைத்து எழுதிய ஜோக், சுற்றாமலே வாங்கிப் பழகிய இளம் அவைமுன் சிரிப்பு வாங்காது. அங்கே மறைப்பே இல்லாதபோது உடைக்க என்ன இருக்கிறது? நிகழ்ச்சிப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்த்து, மருவிப்போன வரிகளைக் களைந்துவிட வேண்டும்.