மேலே ஃபேன் வைத்தால் கீழே கிடக்கும் கேஸ் போகாது

போன வாரமும் ஒரு வண்டி வந்தது. தங்கி, சமைத்து ஊர் சுற்றுவதற்காக மாற்றிய டெம்போ டிராவலர் வேன். கட்டில், சிங்க், ஃப்ரிட்ஜ் எல்லாம் வேறு பட்டறையில் அழகாகச் செய்திருந்தார்கள். கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தால் வீட்டு சிலிண்டர், 14.2 கிலோ, படுத்துக் கிடக்கிறது. பக்கத்திலேயே பேட்டரி, இன்வெர்ட்டர், தண்ணீர் பம்ப். "கேஸ் கசிந்தால் என்ன சார் செய்வீங்க?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன். "அதுக்குத்தானே ரூஃப்ல ஃபேன் வெச்சிருக்கு" என்றார்.

கரூரில் வேன்களுக்கு உள்வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பதில் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. சமையல் கேஸ் புகை இல்லை, மேலே எழும்பிப் போவதற்கு. அதில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவி, கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கும். உங்கள் ஜன்னல் இடுப்புக்கு மேலே இருக்கிறது, ஃபேன் தலைக்கு மேலே. காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். டிராவலர் அளவு வண்டிக்குள் முழுக்க அந்த அளவு சேர ஏறக்குறைய அரைக் கிலோ கேஸ் போதும். கீழே மட்டும் தேங்கினால் அதைவிடக் குறைவே போதும். காலையில் பல் விளக்கக் குழாயைத் திறந்தால் பம்ப் மோட்டார் ஓடும். பொறிக்கு அது போதாதா?

"நாற்றம் வந்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள். தூங்குகிறவன் மூக்கை நம்பாதீர்கள்.

சிலிண்டரைப் படுக்க வைப்பது தனி முட்டாள்தனம். கேஸுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் ஏறி, அடுப்பில் ஆளுயரத்துக்குத் தீ எழும். வீட்டு இணைப்பு சிலிண்டர் வீட்டுக்குத் தந்தது, வண்டிக்கு இல்லை.

கேஸ்தான் வேண்டும் என்றால் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி கட்டுங்கள். கதவு வண்டிக்கு வெளியே மட்டும் திறக்க வேண்டும், ஹோஸ் நுழையும் இடத்தையும் இறுக்க அடைத்துவிட்டால், உள்பக்கம் ஒரு ஊசித் துளைகூட இருக்கக் கூடாது. பெட்டியின் அடித்தகட்டில் துளை போட்டு, கசிவது நேராக வண்டிக்கு அடியில் ரோட்டுக்கு இறங்கும்படி விடுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து பெல்ட் போடுங்கள். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். போன வாரம் வந்த வண்டியில் தகட்டில் துளை போட்டு ஹோஸை அப்படியே நுழைத்திருந்தார்கள், ரப்பர் வளையம் இல்லை. ஓடும் அதிர்வில் ஹோஸின் மேல்தோல் அறுபட்டு, உள்ளே கம்பிப் பின்னல் தெரிந்தது. துளையைச் சுற்றி ரப்பர் தூள். சோப்பு நுரை தடவினோம், முட்டை முட்டையாக எழுந்தது. சோப்பு நுரையால்தான் பார்க்க வேண்டும், தீக்குச்சியால் இல்லை. சிரிக்காதீர்கள், பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயில் பெட்டிக்கே அந்த நிலை என்றால், ஒற்றைக் கதவு வேனை நினைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் இண்டக்‌ஷன். 12.8 வோல்ட், 200 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரியில் சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம் இருக்கும். இருவருக்குச் சோறு, குழம்பு வைக்க ஒரு யூனிட்டே தாராளம். அடுப்பு 2000 வாட் என்றால் இன்வெர்ட்டரும் அதைத் தாங்க வேண்டும்; குறைவான சூட்டில் வைத்தாலும் மலிவு அடுப்புகள் முழு வாட்டையே விட்டு விட்டு இழுக்கும். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகத் தரும் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டராக வாங்குங்கள். அப்புறம், அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் இதில் அருமையாக வேலை செய்யும், வாணலிதான் வம்பு செய்யும். சோலாரில் சார்ஜ் ஏற வெயில் இல்லாமல் மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீ போட மட்டும் என்றால் பக்கத்திலேயே சின்ன கேஸ் டப்பாவைச் செருகும் பியூட்டேன் டப்பா அடுப்பு, அதுவும் வண்டிக்கு வெளியே வைத்து. டப்பாவை மறைக்கிற பெரிய பாத்திரம் வேண்டாம். காலி டப்பாவில் வீட்டு கேஸை நிரப்பித் தருகிறோம் என்று கிளம்பியிருக்கிறார்களே, அவர்கள் பக்கமே போகாதீர்கள். வீட்டு கேஸில் புரொப்பேனும் இருக்கிறது, அழுத்தம் அதிகம். அந்த டப்பா அதற்குச் செய்ததல்ல. லடாக் போகிறவர்களுக்கு இன்னொன்று: சுத்த பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாகாமல் நின்றுவிடும். எரியவில்லையே என்று டப்பாவை நெருப்பில் காட்டிச் சூடாக்காதீர்கள்.

கரியடுப்பைப் பற்றிக் கெஞ்சித்தான் கேட்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று வண்டிக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தணல் சாம்பல் பூத்த பிறகும் அது வந்துகொண்டிருக்கும். அதற்கான அலாரத்தைத் தலையணை உயரத்தில் மாட்டுங்கள், கேஸ் அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். இரண்டும் வேறு வேறு சாமான். கூரையில் ஒன்றை ஒட்டினால் இரண்டுக்கும் போதும் என்று கடைக்காரர் சொன்னால், வேறு கடைக்குப் போங்கள்.