நொட் ஃபவுண்ட்: தரவு இல்லையா, தீர்ந்ததா?

தரவுத்தளத்தில் கேர்சர் (தேடலின் விடையை வரிசை வரிசையாக எடுத்துத் தருவது) வைத்துச் சுற்று எழுதும் எவருக்கும் மை எஸ்.கியூ.எல். என்ற தரவுத்தள மென்பொருள் என்றாவது ஒருநாள் 1329 என்ற எண்ணைக் காட்டும். கூடவே 02000 என்ற நிலைக்குறியும் வரும். இதை ‘வழு’ என்று தமிழாக்கினால் பிழை தேடுவதே திசை மாறிவிடும்.

தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல். நியமத்தில் நிலைக்குறிக்கு ஐந்து இடங்கள். முதல் இரண்டும் வகுப்பைச் சொல்லும்: 00 வெற்றி, 01 எச்சரிக்கை, 02 தரவில்லை. இந்த மூன்றிலும் சேராதவைதான் வழுக்கள். 02 வகுப்பு முழுவதற்கும் சூட்டிய பெயரே நொட் ஃபவுண்ட். ‘எஸ்.கியூ.எல். எக்செப்ஷன்’ என்று கையாளி (ஒரு நிலை எழும்போது தானாக ஓடும் கட்டளை) எழுதிவிட்டு, அது ஏன் பிடிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வோர் பலர். அந்தக் கையாளி 02 வகுப்பைத் தொடுவதே இல்லை. பழைய எஸ்.கியூ.எல். கோட் முறையிலும் இதற்கு +100தான். வழுக்களுக்கு எதிர்மறை எண்கள்.

கேர்சர் என்பது இலத்தீனில் ஓடுபவர். சிலைட் ரூலின்மேல் நகரும் கண்ணாடித் துண்டுக்கும் பிறகு இதே பெயர் வந்தது. தமிழில் சுட்டி என்றால் மவுஸ் நினைவுக்கு வருகிறது. நிலைகாட்டி என்றால் திரையில் மினுங்கும் கோடு. தரவுத்தளத்துக் கேர்சருக்கு ‘நிரைகாட்டி’ என்பதே பொருந்தும். இலங்கைப் பாடநூல்களில் அட்டவணையின் கிடைவரிசைக்குப் பெயர் நிரை. தேயிலை மலையில் கொழுந்தெடுப்பவர் பிடித்துப் போவதும் நிரைதான். நிரை முடிந்து வெளியே வருவதை அங்கே யாரும் குற்றமாக எழுதுவதில்லை.

நொட் ஃபவுண்ட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு நிகழ்வுகள் ஒளிந்திருப்பதுதான் உண்மையான சிக்கல். அடுத்த நிரையை எடுக்கும் ஃபெட்ச் கட்டளை கடைசி நிரையைத் தாண்டுவது ஒன்று. அதற்குத் தமிழ் ‘தரவு தீர்ந்தது’. தேடிய பெறுமதியை மாறியில் இடும் செலக்ட் இன்டு கட்டளைக்கு ஒரு நிரையும் அகப்படாதது மற்றது. அது ‘தரவு இல்லை’. அரிசி தீர்ந்த வீட்டில் அதுவரை அரிசி இருந்தது. இல்லை என்பது வேறு பேச்சு. தமிழ் இயல்பாகப் பிரித்து வைத்திருப்பதை மை எஸ்.கியூ.எல். கையாளி பிரிப்பதில்லை.

ஒரு தோட்டத்தின் மாதச் சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்வோம். செக்ரோலிலுள்ள (தோட்டத் தொழிலாளர் பதிவேடு) ஒவ்வொருவரையும் நிரைகாட்டி எடுத்து வருகிறது. சுற்றுக்குள்ளே அவருடைய தீபாவளி முற்பணத்தை ஒரு செலக்ட் இன்டு தேடுகிறது. முற்பணம் வாங்காத முதல் ஆள் வந்ததும் ‘தரவு இல்லை’ எழும். ‘தீர்ந்தது’ என்ற கொடியை (நிலையைக் குறித்துவைக்கும் மாறி) உயர்த்த எழுதிவைத்த கையாளி அதையும் பிடித்துக்கொள்ளும். கொடி உயர்ந்ததும் சுற்று நிற்கும். அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்குச் சம்பளப் பதிவே இராது. வழுச்செய்தியும் வராது. ஓர் ஆளின் மாதச் சம்பளம் சத்தமில்லாமல் விடுபடும் இடம் இது. ஆகவே வெளியீட்டு நிரைகளின் எண்ணிக்கையைச் செக்ரோல் எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் எந்தச் சம்பளத்தையும் அனுப்பக்கூடாது. குறைந்தால், கடைசியாகப் பதிவானவரையும் அவருக்கு அடுத்தவரையும் முற்பண அட்டவணையில் தேடுங்கள். வரிசையை மாற்றி ஓட்டும்போது நிற்கும் இடமும் மாறினால் காரணம் இதுவேதான்.

தீர்வு: உள்ளே இருக்கும் செலக்டைத் தனியே ஒரு பிகின்–எண்ட் தொகுதிக்குள் வைத்து, அதற்கென்று ஒரு நொட் ஃபவுண்ட் கையாளி எழுதுங்கள். தேடுவதற்கு முன் முற்பண மாறியைக் கட்டாயம் 0 ஆக்குங்கள். நிரை கிடைக்காதபோது செலக்ட் இன்டு மாறியைத் தொடுவதில்லை. 0 ஆக்காவிட்டால் முந்தைய ஆளின் முற்பணம் இவர் தலையில் விழும். இதைவிடச் சுருக்கமான வழி, செட் கட்டளையில் மாறிக்கு நேராக அடைப்புக்குறிக்குள் செலக்டை எழுதுவது. நிரை இல்லையென்றால் நல் (பெறுமதி இல்லை என்ற குறி) கிடைக்கும், கையாளி எழும்பாது. அந்த நல்லுக்குப் பதில் வேறு பெறுமதி தரும் கோலெஸ் கொண்டு அதை 0 ஆக்கலாம்.

எண்ணிக்கை ஒன்று கூடினால் கோளாறு வேறு. ஃபெட்ச் முடிந்தவுடன் கொடியைப் பார்க்காமல், பதிவை எழுதிவிட்டுச் சுற்றின் அடியில் பார்த்திருப்பார்கள். கடைசி ஃபெட்ச் தோற்றாலும் மாறிகளில் பழைய பெறுமதி இருக்கும். கடைசி ஆள் இரண்டு முறை விழுவார். அட்டவணை வெறுமையாக இருந்தால் நல் நிரம்பிய ஒரு நிரை பதியப்படும். ஃபெட்ச், கொடி, பிறகே வேலை: இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

கையாளியே எழுதாவிட்டால் சுற்று கடைசி வரை ஓடி, 1329ஓடு நிற்கும். மாற்றங்களை நிலைப்படுத்தும் கமிட் அதற்குக் கீழே இருந்தால் அது நிறைவேறாது. அறிவிப்பு ஒழுங்கும் முக்கியம்: மாறிகள், நிரைகாட்டி, கையாளி. நிரைகாட்டிக்கோ கையாளிக்கோ பின் மாறியை அறிவித்தால் வழு 1337, கையாளிக்குப் பின் நிரைகாட்டியை அறிவித்தால் 1338.

ஓரக்கிள் என்ற வேறொரு தரவுத்தளம் ‘தீர்ந்தது’, ‘இல்லை’ இரண்டையும் பிரித்தே நடத்துகிறது. ஃபெட்ச் தீர்ந்தால் நிரைகாட்டியின் நொட் ஃபவுண்ட் பண்பு உண்மையாகும், விதிவிலக்கு எழாது. செலக்ட் இன்டு வெறுமையானால் ஓ.ஆர்.ஏ. 01403 எழும். முதல் ஃபெட்சுக்கு முன் அந்தப் பண்பு நல் என்பதை மறக்கவேண்டாம். மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சேர்வரில் ஃபெட்ச் ஸ்டேட்டஸ் என்ற மாறி 0 என்றால் நிரை கிடைத்தது, −1 என்றால் தீர்ந்தது, −2 என்றால் அந்த நிரை அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது. ஓர் இணைப்பிலுள்ள எல்லா நிரைகாட்டிகளுக்கும் அந்த மாறி பொது. ஆகவே உள்சுற்று முடிந்த பின் வெளிநிரைகாட்டியை மறுபடி ஃபெட்ச் செய்த பிறகே அதைப் பார்க்கவேண்டும்.

முற்பணக் கணக்குக்குச் சுற்றே தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். முற்பணங்களை ஆளுக்கொரு கூட்டுத்தொகையாக்கி, செக்ரோலோடு லெஃப்ட் ஜொயின் (முற்பணம் இல்லாதவரையும் விடாத இணைப்பு) செய்து, இல்லாத இடத்தில் கோலெஸ் வழியாக 0 இட்டால் ஒரே கட்டளையில் முடிந்துவிடும். நொட் ஃபவுண்ட் எழ வழியே இல்லை.