பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

லாஸ் ஏஞ்சலஸில் மார்பகப் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பலர் மெக்சிகோ, எல் சால்வடோர் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். போன வாரமும் அதே கதை. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்த ஓர் அம்மா, நோய் திரும்பாமல் இருக்கத் தரும் லெட்ரோசோல் மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆகிறது. எங்களுக்கும் தெரியாது, ஒவ்வொரு முறையும் கூட வந்து பேசிய பள்ளிக்கூட மகளுக்கும் தெரியாது.

மகளை வெளியே அனுப்பிவிட்டு, திரையில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தோம். அப்புறம்தான் வாய் திறந்தார். காலையில் விரலை மடக்க முடியாத மூட்டுவலி. கணவரோடு சேரவே முடியாத அளவுக்கு வறட்சி, எரிச்சல். இதையெல்லாம் தான் பெற்ற மகளின் வாயால் எந்தத் தாய் சொல்ல வைப்பாள்?

“பிள்ளைக்கு ரெண்டு மொழியும் தெரியுமே, வெளியாள் எதற்கு?” குடும்பத்தார் கேட்டால் புரிகிறது. டாக்டர்களும் நர்ஸ்களும் கேட்கிறார்கள், அதுதான் எரிச்சல். இங்கே மொழியறிவு பிரச்சினையே இல்லை. அம்மா பிள்ளைக்காக வலியை மறைக்கிறாள். டாக்டர் “நோய் திரும்ப வரலாம்” என்றால் பிள்ளை அம்மாவுக்காக “எல்லாம் சரியாக இருக்கிறதாம்” என்கிறது. வீட்டில் பாட்டி, மாமா எல்லோருக்கும் அதே பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு மறுநாள் பள்ளிக்குப் போகிறது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் பணம் பெறும் மருத்துவமனை தகுதியான மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். உடனடி ஆபத்து உள்ள அவசரம் தவிர, 18 வயதுக்குக் கீழானவரை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. அமெரிக்க மருத்துவமனைகளில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நேரமில்லை என்று சொல்லாதீர்கள், போனை எடுத்து மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போது “சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேளுங்கள்.

நோயாளிகளே, இந்த மாத்திரையைப் பொதுவாகக் குறைந்தது 5 வருடம் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பும் அபாயம் கூடும். வலி தாங்கவில்லையா, வேறு மாத்திரைக்கு மாற்றலாம். வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத பூச்சுகள் உண்டு. நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களே, சிகிச்சை முடிந்தும் களைப்பு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு வருடக்கணக்கில். அது சோம்பேறித்தனம் இல்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தமாலே (சோள மாவில் செய்யும் பண்டிகைப் பலகாரம்) மாவை வேறு யாராவது பிசையட்டும், அவரைத் தினமும் கொஞ்ச தூரம் நடக்கக் கூட்டிப்போங்கள். பார்த்துக்கொள்வதற்காக வேலைக்கு லீவு போடுகிறவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் வருடத்துக்கு 8 வாரம் வரை சம்பளத்தில் ஒரு பகுதி கிடைக்கும். உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம்தான் அது. குடியுரிமை கேட்க மாட்டார்கள். பயப்படாமல் விண்ணப்பியுங்கள்.