கத்திரி வெயிலில் மானின் மூளை சூடேறாமல் இருப்பது எப்படி?

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, ஜவ்வாது மலைப் பகுதியில் இருக்கும் அமிர்தி உயிரியல் பூங்காவில் மரநிழலுக்குக் குறைவில்லை. ஆனால் காற்றே உடலைவிடச் சூடாகிவிட்டால் நிழல் மட்டும் போதாது. அப்போது உடம்பிலிருந்து வெப்பம் வெளியேற இருக்கும் முக்கிய வழி, நீர் ஆவியாவதுதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

நிழலில் படுத்திருக்கும் புள்ளிமானின் விலாவைக் கவனியுங்கள். வாய் மூடியிருக்கும், மூச்சு மட்டும் வேகமாக ஓடும். மூக்கின் உள்ளே சுருள் சுருளாக இருக்கும் ஈரச் சவ்வின் மேல் காற்று உரசிப்போக, அங்குள்ள ரத்தம் குளிர்கிறது. அந்தக் குளிர்ந்த ரத்தம் மூளையின் அடியில் ஒரு குழிக்கு வருகிறது. அதே குழிக்குள் மூளைக்குப் போகும் தமனி நூற்றுக்கணக்கான நுண்குழாய்களாகப் பிரிந்து வலைபோல் பின்னிக் கிடக்கிறது. இரண்டு ரத்தமும் கலப்பதில்லை; குழாய்ச் சுவர் வழியாக வெப்பம் மட்டும் கைமாறுகிறது. அதனால் உடம்பு சூடேறினாலும் மூளை சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும். ஆடு, மாடுகளுக்கும் இந்த வலை உண்டு. நமக்குக் கிடையாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. மான் மிரண்டால், மூக்கிலிருந்து குளிர்ந்த ரத்தத்தை மூளைப் பக்கம் கொண்டுவரும் சிரை சுருங்கிவிடும், குளிர்விப்பு நின்றுபோகும். கூடவே ஓட்டத்தால் தசைகள் வெப்பத்தைக் கூட்டுகின்றன. மதியம் 1 மணிக்குக் கம்பிவேலியைத் தட்டி மந்தையை ஓடவைப்பது எவ்வளவு கொடுமை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். வாயைத் திறந்து மூச்சிரைக்கும் மானைக் கண்டால் உடனே பணியாளரிடம் சொல்லுங்கள். அது எல்லையைத் தொட்டுவிட்டது.

மானுக்குப் பிரெட்டும் சோறும் போடுவதும் அதன் குளிர்விப்பைத்தான் அடிக்கிறது. அசைபோடும் வயிற்றின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். அளவு சாதாரணமாக 6-லிருந்து 7 வரை இருக்கும்; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். மாவுப்பொருள் மொத்தமாகப் போனால் நுண்ணுயிர்கள் அதை வேகமாக அமிலமாக்கி, அளவை 5.5-க்கும் கீழே இறக்கிவிடும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அமிலம் சேர்ந்து செறிவு கூடிய வயிறு ரத்தத்திலிருந்து நீரை உறிஞ்சும். ஆவியாக்க வேண்டிய நீர் அப்படியே வயிற்றுக்குள் போய்விடுகிறது. உயிரியல் பூங்காவில் விலங்குகளுக்குத் தீனி போடுவதையும் சீண்டுவதையும் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38ஜே தடை செய்கிறது. தழை செரிக்கும்போதும் வயிற்றில் வெப்பம் உண்டாகும் என்பதால், கோடையில் காலையிலும் சாயங்காலமும் தீனி வைப்பதே சரி.

மயிலுக்கும் கிளிக்கும் வியர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து மூச்சிரைக்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சிறு கிளிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தவை. வெயில் அவற்றுக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே மரத்துக்கு மரம் இடம் மாறலாம், தகரக் கூரைக் கூண்டில் முடியாது. கூரைமேல் தென்னங்கீற்று போட்டாலே பாதிச் சுமை இறங்கும். தண்ணீர் தெளிப்பதாக இருந்தால் காற்று ஊடாடும் கூண்டில் மட்டும் தெளிக்க வேண்டும். அடைத்த கூண்டில் ஈரப்பதம் ஏறி ஆவியாதல் தடைபடும்; பறவை முன்னைவிடத் திணறும்.

முதலை தன் உடல் வெப்பத்துக்கு வெளியைத்தான் நம்பியிருக்கிறது. காலையில் கரையேறிக் காயும், உச்சிவெயிலில் நீருக்குள் இறங்கும். உடல் முழுதும் அமிழும் ஆழம் இல்லாத தொட்டி சீக்கிரம் சூடாகி, அதன் ஒரே புகலிடத்தைப் பறித்துவிடும். வாயைப் பிளந்து கிடந்தால் கடிக்க வருகிறது என்று பொருளல்ல. தலையின் வெப்பம் அதன் வழியே தணிகிறது. இரவிலும் சிலசமயம் பிளப்பதால் வேறு காரணங்களும் இருக்கலாம். மார்கழிக் குளிரிலோ கதை நேர்மாறு: உடல் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகி, விழுங்கிய இறைச்சி வயிற்றிலேயே அழுகக்கூடும். ஆகவே குளிர்நாட்களில் தீனியைக் குறைக்க வேண்டும்.